வரப்பில் பார்த்தீனியம்... உடம்பில் மறக்காத வெள்ளையணு!

தீராத அரிப்புக்கு ஆயின்மென்ட் மட்டும் போதாது. பூக்கும் முன்பே களையெடுப்பும் வேண்டும்.

‘எனக்கு வயது 52. மூன்று வருடமாக முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் அரித்துத் தடித்துப் போகிறது. வெளியூரில் மகள் வீட்டில் பத்துப் பதினைந்து நாள் தங்கினால் குறைகிறது. ஊருக்குத் திரும்பி வயலுக்குப் போனால் மறுபடியும் வந்துவிடுகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளையணு சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் இந்த அரிப்பு? வீட்டில் எனக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார்கள்.’

ஒரத்தநாடு பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி இது. வேளாண் அலுவலருக்கும் தோல் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. ஆனால் இந்த நோயின் வேர் பெரும்பாலும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும்தான் இருக்கிறது. ‘வயலுக்குப் போனால் வருகிறது, விலகினால் குறைகிறது’ என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது பார்த்தீனியத்தை. முழங்கால் உயரத்தில், கேரட் இலை போலக் கிழிந்த இலையும் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூவுமாக நிற்குமே, அந்தச் செடிதான்.

எண்ணிக்கை சரி, வேலைதான் தப்பு

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருந்தால் சரியான அளவு என்பார்கள். ஆய்வகச் சீட்டு அந்த எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. அவை தோலுக்குள் போய் என்ன செய்கின்றன என்று அது சொல்வதில்லை.

நடவு நேரத்தில் வரும் சேற்றுப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய விரலிடுக்கு வெடித்து, அதன் வழியே கிருமி நுழைகிறது. வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை கூட்டமாக ஓடிவந்து கிருமியை விழுங்குகிறது, விழுங்கிச் சாகிறது. சீழ் என்று நாம் பிதுக்கி எடுப்பதில் பெரும்பகுதி அப்படிச் செத்த வெள்ளையணுக்கள்தான். அங்கே எதிரி உண்மையான எதிரி. வீக்கமும் வலியும் அந்தச் சண்டையின் விளைவு.

பார்த்தீனிய அரிப்பில் கிருமியே இல்லை. செடியின் தூள் தோலில் படிகிறது. அதைத் துடைத்துக் கழுவிவிட்டால் போதும். ஆனால் லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு, குறிப்பாக டி செல், அதை எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறது. எதிரி இல்லாத இடத்தில் சண்டை நடக்கிறது. அடி நம் தோலுக்கு விழுகிறது. இதைத்தான் தொடு ஒவ்வாமை அழற்சி என்கிறார்கள்.

புணேயிலிருந்து டெல்டா வரை

பார்த்தீனியம் நம் மண்ணின் செடி அல்ல. வெப்ப அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தது, சூரியகாந்திக் குடும்பம். 1955-ல் புணேயில் இது பரவுவது கவனத்துக்கு வந்தது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். பிறகு சாலை, ரயில் பாதை, லாரிச் சக்கரம், எருவண்டி என்று எல்லா வழியிலும் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

செடியைத் தொட்டவர்களுக்கும் அதன் அருகில் வேலை செய்தவர்களுக்கும் முகமும் கழுத்தும் அரித்துத் தடிப்பதைப் புணேயின் தோல் மருத்துவர்கள் கவனித்தார்கள். லோன்கர், மிட்செல், கால்னன் என்ற மூன்று மருத்துவர்கள் 1974-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த நோயை உலகத்துக்கு விளக்கமாகச் சொன்னது. செடியின் இலை, தண்டு, பூ மீதுள்ள மென்மயிர்களில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்த பிறகும் அது அழிவதில்லை. காற்றில் பறக்கும் காய்ந்த தூளே போதும்; செடியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை.

நம் டெல்டாவில் தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்குள் இது வராது. ஆனால் வரப்பு, வாய்க்கால் கரை, ஆற்றுப் படுகை, களம், தென்னந்தோப்பு, திடல், கொல்லை, மனை போட்டுக் கிடக்கும் நஞ்சை என்று தண்ணீர் நிற்காத இடமெல்லாம் அதற்குச் சொந்தம். ஒரு செடி 25,000 விதை வரைகூட உதிர்க்கும்.

வெள்ளையணு எப்படி நினைவு வைக்கிறது?

பார்த்தெனின் மிகச் சிறிய மூலக்கூறு. தனியாக இருந்தால் வெள்ளையணுக்கள் அதைக் கண்டுகொள்ளாது. வியர்த்த தோலில் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது அந்நியப் பொருளாகத் தெரிகிறது.

தோலின் மேலடுக்கில் லாங்கர்ஹான்ஸ் செல் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. 1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தவை. இவை அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த முடிச்சுகள்தான். அங்கே லட்சக்கணக்கான டி செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளை மட்டும் அடையாளம் காணும். பார்த்தெனினை அடையாளம் காணக்கூடிய சில டி செல்கள் பல மடங்கு பெருகுகின்றன. இதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். இந்தக் காலத்தில் வெளியே எதுவும் தெரியாது.

அப்படிப் பெருகியவற்றில் ஒரு பகுதி நினைவுச் செல்களாக ரத்தத்திலும் தோலிலும் தங்கிவிடுகிறது. நிலத்தில் உதிர்ந்த களை விதை கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, ஈரம் பட்டதும் முளைக்கிறதே, அதுபோலத்தான். பார்த்தெனின் மறுபடி தோலில் பட்டதும் இந்தச் செல்கள் விழித்துக்கொண்டு, சைட்டோகைன் என்ற அழைப்புப் பொருள்களை வெளியிடுகின்றன. ரத்தக்குழாய் விரிகிறது: தோல் சிவந்து சுடுகிறது. நீர் கசிகிறது: வீங்கி, கொப்புளித்து, நீர் வடிகிறது. அழைப்பைக் கேட்டு மற்ற வெள்ளையணுக்களும் வந்து சேர்கின்றன. அரிக்கிறது, சொறிகிறோம், தோல் தடித்துக் கறுக்கிறது.

இந்தக் கூட்டம் சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திங்கட்கிழமை வரப்பில் களை பறித்தவருக்கு புதன்கிழமைதான் முகம் தடிக்கிறது. செவ்வாய் இரவு சாப்பிட்ட கத்தரிக்காயின் மேல் பழி விழுகிறது.

நினைவு வைத்திருப்பது வெள்ளையணுதான் என்பதற்குச் சான்றும் உண்டு. ரத்த வகைகளைக் கண்டுபிடித்து 1930-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர், மெரில் சேஸ் என்பவரோடு சேர்ந்து 1942-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு ரசாயனத்துக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கிய கினிப் பன்றியின் வெள்ளையணுக்களை எடுத்து, ஒவ்வாமை இல்லாத இன்னொரு கினிப் பன்றிக்குச் செலுத்தினார்கள். அந்த ரசாயனம் பட்டதும் இரண்டாவதன் தோலும் தடித்தது. அணுக்களோடு நினைவும் இடம் மாறியிருந்தது.

இதிலிருந்து விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மருந்து அழற்சியை அடக்கும். நினைவுச் செல்களைத் துடைத்து எடுக்காது. தினமும் காற்றில் தூள் வந்துகொண்டே இருந்தால், எத்தனை நல்ல மருந்தும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

நடுவயது தாண்டியவர்களுக்கே இது அதிகம் வருகிறது. இருபது வருடம் ஒன்றும் செய்யாத செடி இப்போது மட்டும் செய்யுமா என்று கேட்காதீர்கள். பல வருடம் பட்டுப் பட்டுத்தான் பலருக்கு ஒவ்வாமை பிறக்கிறது. முகம், கண்ணிமை, காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களில் தொடங்கும். வெயிலால் மட்டும் வரும் அரிப்பு என்றால், நிழல் விழும் மேலிமையும் தாடையின் அடிப்பகுதியும் பெரும்பாலும் தப்பிவிடும். காற்றில் வரும் தூள் அங்கேயும் போய்ப் படியும். நாளாக நாளாக வெயில் பட்டாலும் அதிகமாகும் நிலை சிலருக்கு வருகிறது.

உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு துளியாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடி பார்ப்பார்கள். டி செல்கள் கூட அவ்வளவு நேரம் வேண்டும் என்பதுதான் காரணம். இந்தியாவுக்கென்று வகுத்த பரிசோதனைப் பொருள்களின் வரிசையில் பார்த்தீனியமும் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள்.

தனித் தட்டு வேண்டாம்

இது தொற்றுநோய் அல்ல. கிருமியே இல்லாதபோது ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

முகம் தடித்துச் சுருக்கம் விழும்போது ஊரார் தொழுநோய் என்று பேசுவதும் உண்டு. வித்தியாசம் எளிது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும், பொதுவாக அரிப்பு இருக்காது. இதில் அரிப்புத்தான் முதல் தொல்லை. உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய்க்கு மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

மருந்தில் கவனம்

அரிப்பு என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆயின்மென்ட் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது வெள்ளையணுக்களின் கூச்சலைச் சட்டென்று அடக்கும். இரண்டு நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக எரிகிற நிலைக்கு வருகிறார்கள். இமையைச் சுற்றிப் பூசிக்கொண்டே இருந்தால் கண்ணுக்கும் ஆபத்து. எந்த வீரியம், எத்தனை நாள், எந்த இடம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊசி போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கடுமையான நோயாளிகளுக்கு அசாதயோபிரின் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பார்த்தீனிய ஒவ்வாமைக்கு இதைப் பயன்படுத்தி ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். லிம்போசைட்டுகள் பெருகுவதை இது தடுக்கிறது. அதே காரணத்தால் நல்ல வெள்ளையணுக்களும் அளவுக்கு மீறிக் குறைந்துவிடக்கூடும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் குறித்த நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போவது கட்டாயம். முதலில் பயன்படாத அந்த வெள்ளையணு எண்ணிக்கை இப்போதுதான் உயிரைக் காக்கும் எண்ணாகிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரை விவரத்தைச் சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பூக்கும் முன்பே பிடுங்குங்கள்

முளைத்த செடி ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். ஆகவே மழை பெய்து, புதுச் செடி முளைத்த நாளிலிருந்து 25 நாளுக்குள் ஒரு சுற்று எடுத்துவிட வேண்டும். டெல்டாவில் மூன்று நேரம் முக்கியம்: குறுவைக்குத் தண்ணீர் வந்து வாய்க்கால் கரை ஈரமாகும் ஜூன், ஜூலை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர், நவம்பர், சம்பா அறுத்து உளுந்து, பயறு நிற்கும் தை, மாசி.

- ஒவ்வாமை வந்தவர் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.
- தடித்த ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி அவசியம். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்.
- மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். மேலே அறுத்துவிட்டால் அடியில் கிளைத்து மறுபடி பூக்கும்.
- பூக்காத செடியை மட்டும் எருக்குழியில் போடலாம். பூத்த செடியைப் போட்டால் எருவோடு விதையும் வயலுக்குப் போகும்.
- காய்ந்த செடியைக் குவித்துக் கொளுத்த வேண்டாம். புகையும் தூளும் ஊருக்குள் வரும்.
- வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பயிரில்லாத சாலையோரத்துக்கும் பாழ் மனைக்கும் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாதா உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, பூக்கும் முன் இலை நனையத் தெளிக்கலாம். வரப்பிலும் தோப்பிலும் இதைச் செய்யாதீர்கள். கடைமடைப் பகுதியில் ஏற்கெனவே உப்புத் தொல்லை இருக்கிறது.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். வரப்பில் உளுந்து போடுங்கள். நெல்லுக்கு நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் அது தங்குமிடம். திடலிலும் கரையிலும் தகரை, துத்தி, கொளுஞ்சி தழைத்தால் பார்த்தீனியத்தை அமுக்கும். இலையில் வெளிர்மஞ்சள் உடலும் கரும்பழுப்புக் கோடுமாக ஒரு சிறு வண்டு தென்பட்டால் கொல்ல வேண்டாம். அது 1984-ல் பெங்களூருவில் விடப்பட்ட மெக்சிகன் வண்டு. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையைத் தின்றே அழிக்கும். டப்பாவில் பிடித்து, செடி மண்டிய இடத்தில் விடலாம்.

வாசகர்கள் கேட்டவை

*ஒரே வரப்பில் பத்துப் பேர் களை பறிக்கிறோம். எனக்கு மட்டும் ஏன்?*

எல்லோருடைய வெள்ளையணுவும் ஒரே முடிவுக்கு வருவதில்லை. சண்டையைத் தூண்டும் டி செல் போலவே, ‘விடு, இது எதிரி இல்லை’ என்று அடக்கும் டி செல்லும் உண்டு. எது மிஞ்சுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இன்றைக்கு வராதவருக்கு நாளைக்கு வரலாம். கையுறை பத்துப் பேருக்கும் வேண்டும்.

*சாமந்தி மாலை போட்டாலும் கழுத்து அரிக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?*

இருக்கலாம். சாமந்தி, சூரியகாந்தி, மருளூமத்தை எல்லாம் பார்த்தீனியத்தின் குடும்பம். வேதிப்பொருள்கள் ஒன்றுபோல இருப்பதால் வெள்ளையணு ஆள் மாறித் தாக்கும். கல்யாணம், கோயில் என்றால் வேறு பூ மாலை கேளுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த வெட்டுக்காயப் பூண்டை அரைத்து அரிப்பின் மேல் பூசுவதும் வேண்டாம்.

*மாடு தின்றால் கெடுதலா?*

ஆம். மாட்டுக்கும் வாயிலும் தோலிலும் புண் வரும், பால் கசக்கும். பசுந்தீவனக் கட்டில் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

*நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரை வெட்டும்போது என்ன செய்வது?*

பூத்து வெள்ளையாக நிற்கும்போது வெட்டினால் பலன் இல்லை. விதையும் தூளும் எங்கும் பரவும். பூக்கும் முன் அந்த வேலையை எடுக்கவும், கையுறை கொடுக்கவும் ஊராட்சியில் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம். ஏற்கெனவே அரிப்பு உள்ளவருக்கு வேறு வேலை ஒதுக்கச் சொல்லுங்கள்.

*நிரந்தரமாகக் குணமாகுமா?*

நினைவுச் செல் பல வருடம் இருக்கும். ஆனால் தூள் படாவிட்டால் அதற்கு வேலையில்லை. செடி இல்லாத தெருவில் இந்த நோயாளி நன்றாகவே வாழலாம்.

ஒருவர் கொல்லையை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த கொல்லையின் தூள் காற்றில் வரும். எனவே இது தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. குறுவை வயல் தலைதூக்கி, வரப்பில் ஈரம் இருக்கும் நேரம். செடி எளிதாக வேரோடு வரும். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, தெருவுக்குப் பத்துப் பேர், பத்து ஜோடிக் கையுறை போதும்.